கைநாட்டுக்கு முன்

ஆயா தன் கொல்லையில் பாதியை விற்றபோது நான் ஐந்தாம் வகுப்பு. அத்தை கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. கிளியனூரில், திண்டிவனம் - புதுச்சேரி சாலையை விட்டு உள்ளே தள்ளி, எண்பது சென்ட் மல்லாட்டைக் கொல்லை. கிணறு கீழ்ப்புறத்தில் இருந்தது. மேல்புறத்து நாற்பது சென்ட்டை மட்டும் கொடுப்பதாகப் பேச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பத்திரம் எழுதி வந்துவிட்டது. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. தெருவில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, "நிதானமா படிங்க வாத்தியாரே" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தங்குதடையில்லாமல் படித்தார். கேட்கவே நன்றாக இருந்தது. பேசியபடிதான் எல்லாம் இருந்தது.

படித்து முடித்ததும் ஆயா என் பக்கம் திரும்பினாள். "கண்ணு, நீ ஒரு வாட்டி படி."

வாத்தியாருக்கு முகம் லேசாகச் சுண்டியது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். கிரயம், பாத்தியம், வில்லங்கம் என்று எதுவும் எனக்கு விளங்காத சொற்கள். ஒவ்வொன்றையும் விரல் வைத்துத் தொட்டுத் தொட்டுப் போனேன். ஓரிடத்தில் ஆயா நிறுத்தினாள். "எந்தப் பக்கம்னு போட்டிருக்குது?"

"கீழ்ப்புறம்" என்றேன்.

வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்தார். கீழ்ப்புறம் என்றுதான் இருந்தது. அவர் வாசித்தபோது மேல்புறம் என்று வாசித்திருந்தார். எந்தப் பாதி கைமாறப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை வாய் சொல்லிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தாளில் இருந்ததைப் படித்தேன்.

எழுதியவர் கைதவறிச் செய்த பிழை அது. யாரும் யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லை. திருத்தி எழுதி வந்த தாளில் ஆயா இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டி எடுத்தாள். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். கிணறு எங்களிடமே தங்கியது.

*

இன்று எனக்குச் சோறு போடும் வேலை, டிஜிட்டல் சொத்துகளைப் பாதுகாத்துத் தரும் சேவை ஒன்றுக்கு ஏபிஐ கையேடு எழுதுவது. கிளியனூர் வீட்டு முன்னறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டே பாதி நாள் அதைச் செய்கிறேன். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "அடகுக்கடை மாதிரி, ஆனா வட்டி கிடையாது, காவல் மட்டும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். முழுதும் சரியில்லை என்றாலும் ரொம்பத் தவறும் இல்லை.

ஒருவர் பிட்காயின் வைத்திருக்கிறார் என்கிறோம். அவர் கையில் பொருள் எதுவும் இல்லை. உலகெங்கும் பல ஆயிரம் கணினிகளில் ஒன்றுபோலவே எழுதப்பட்ட பேரேடு ஒன்று இருக்கிறது. இன்ன முகவரியில் இவ்வளவு இருப்பு என்பதை அந்தப் பேரேட்டிலிருந்து யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த இருப்பை நகர்த்தும் அதிகாரம் ஒரு ரகசிய எண்ணுக்கு மட்டுமே உண்டு. பிரைவேட் கீ என்று பெயர். அந்த எண்ணால் கையெழுத்திட்டால் பணம் நகரும். யார் இட்டது, ஏன் இட்டது என்று பேரேடு கேட்காது. எண் தொலைந்துபோனால் மனுக்கொடுத்து மீட்க ஓர் அலுவலகமும் கிடையாது.

ஆகவே அந்த எண்ணைக் காப்பதே தனித் தொழிலாகிவிட்டது. கஸ்டடி என்பது அதுதான். வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் நம் சாவியும் சேர வேண்டும். அதே யோசனையை இன்னும் நீட்டிச் செல்கிறார்கள். ஐந்து பேரில் மூவர் ஒப்பினால்தான் திறக்கும் என்று வைக்கலாம். ஒரே சாவியைப் பல துண்டுகளாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் துண்டுகள் சேர்ந்தால்தான் உயிர்பெறும் என்றும் வைக்கலாம். அதற்கான கணிதத்தை ஆதி ஷமீர் 1979-லேயே எழுதிவிட்டார். இந்தக் காவல்காரரின் கணினியோடு வாடிக்கையாளரின் கணினி பேசுவதற்கான வாசல்தான் ஏபிஐ. 'இந்த முகவரிக்கு இவ்வளவு அனுப்பு' என்ற கோரிக்கை இந்தப் பக்கத்திலிருந்து போகும். 'சரி', 'முடியாது', 'பொறு' என்ற பதில் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

இப்படியான கையேடுகளின் முன்பகுதியில் 'அடிப்படை மரபுகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். எண்ணை எப்படி எழுதுவது, நேரத்தை எப்படிக் குறிப்பது, கையெழுத்தை எங்கே வைப்பது, பிழை வந்தால் என்ன அர்த்தம் என்பவை அதில் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டி மாதிரி நிரலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பக்கத்தின் மீதுதான் பிடிப்பு. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்கோ யாரோ இழந்ததிலிருந்து கற்றது.

*

முதல் மரபு எண்ணைப் பற்றியது. தொகையை எண்ணாக அனுப்பாதே, மேற்கோள் குறிகளுக்குள் எழுத்தாக அனுப்பு என்கிறது அது. புதிதாக வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கணினிக்கு எண் தெரியாதா என்ன?

தெரியும், ஆனால் நாம் நினைக்கிற மாதிரி தெரியாது. பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரணமாகக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாததால் கடைசியில் ஒரு பொடி ஒட்டிக்கொள்கிறது. பெரிய எண்களில் வேறொரு சிக்கல். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை பிசகாமல் கையாளும் மிகப் பெரிய முழு எண் 9,00,71,99,25,47,40,991. அதைத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்து எண்கள் அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியத் தொடங்கும். எட்ட முடியாத எண் என்று தோன்றலாம். ஆனால் ஒரு பிட்காயினின் சில்லறை 10 கோடி சதோஷி. ஈத்தர் என்ற இன்னொரு நாணயத்தில் ஒன்றுக்கோ, 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட்ட அளவுக்கு வெய். ஈத்தரில் நூறில் ஒரு பங்கை வெய்யில் எழுதினாலே அந்த எல்லை தாண்டிப் போகிறது. அதனால்தான் தொகையை எழுத்தாக அனுப்புகிறோம், கூடவே எந்த அலகு என்பதையும் சொல்கிறோம். எழுத்து தானாக உருண்டு வேறொன்றாகாது.

இந்தப் பத்தியை எழுதும்போதெல்லாம் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் நினைவுக்கு வரும். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும் மணி பதித்த நகையைத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. எடை மட்டும் போதாது, எந்தக் கல்லால் நிறுத்த எடை என்பதும் தெரிய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கழஞ்சு, அதற்குக் கீழே மஞ்சாடி, அதற்கும் கீழே குன்றி. ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு 2 குன்றி. சரடு, சட்டம், செப்பாணி இவற்றை நீக்கி நிறுத்ததா, சேர்த்து நிறுத்ததா என்பதையும் குறித்திருக்கிறார்கள். நம் பழைய கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அந்தப் பங்கையும் 320-ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. பொடி அளவுக்கும் ஒரு பெயர் வைத்து, அதை உருட்டித் தள்ளிவிடாமல் எழுதி வைத்த மக்கள் நாம். 'தொகையை மிகச் சிறிய அலகில், எழுத்தாக, அலகின் பெயரோடு அனுப்பவும்' என்று நான் தட்டச்சு செய்வது அந்தக் கல்தச்சனின் வேலையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

*

இரண்டாவது மரபு கையெழுத்தைப் பற்றியது. வாடிக்கையாளருக்கு இரண்டு சரங்கள் தரப்படும். ஒன்று வெளியே சொல்லத்தக்கது: இன்னார் பேசுகிறார் என்று காட்டும் ஏபிஐ கீ. மற்றது ரகசியம். அது எந்தக் கோரிக்கையோடும் பயணம் போகாது. அனுப்பும் நேரம், செயலின் வகை, பாதை, செய்தியின் உடல் எல்லாவற்றையும் சொல்லப்பட்ட வரிசையில் ஒட்டி, ரகசியத்தோடு சேர்த்துப் பிசைந்து, 64 எழுத்து நீளமுள்ள ஒரு முத்திரையை உண்டாக்க வேண்டும். எச்மேக் என்ற இந்த முறை 1997-ல் பொது ஆவணமாக வெளிவந்தது. செய்தியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். காவல்காரரிடமும் அதே ரகசியம் இருக்கிறது. அவரும் பிசைந்து பார்ப்பார். இரண்டும் ஒத்தால் செய்தி வழியில் யாராலும் திருத்தப்படவில்லை என்று பொருள்.

நேரத்தை ஏன் சேர்க்க வேண்டும்? முத்திரையிட்ட செய்தியை வழியில் ஒருவன் நகலெடுத்து வைத்துக்கொண்டு நாளைக்கும் அனுப்பலாம் அல்லவா? முத்திரை அப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஆகவே நேரக்குறிப்பு பழையதாக இருந்தால் வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள். சில சேவைகள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் திரும்ப வராத ஓர் எண்ணையும் கேட்கும். நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும், பல சேவைகளில் 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த நொடிகளின் கணக்காக. நம் ஊர்க் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த ஐந்தரையைக் கழிக்க மறந்து, தன் கோரிக்கை ஏன் மறுக்கப்படுகிறது என்று இரவெல்லாம் விழித்திருந்த இளம் பொறியாளர்கள் எனக்கு எழுதுவார்கள். அவர்களுக்காக அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மறுப்பிலும் மரபு உண்டு. 401 என்று வந்தால் நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். 403 என்றால் உன்னைத் தெரிகிறது, ஆனால் இதைச் செய்ய உனக்கு அதிகாரமில்லை. இருப்பைப் பார்க்கும் கீ வேறு, பணத்தை எடுக்கும் கீ வேறு என்று பிரித்துக் கொடுப்பது நல்ல காவல்காரரின் பழக்கம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் பீரோச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதானே போகிறார்கள்.

*

மூன்றாவது மரபை நான் என் பிழையிலிருந்து கற்றேன். முன்பு வேலைபார்த்த இடத்தில், பணம் அனுப்பும் நிரல் ஒன்றை எழுதினேன். கோரிக்கை போனது. பதில் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று எழுதியிருந்தேன். நிரலும் அனுப்பியது. மறுநாள் காலை கணக்குப் பார்க்கும்போது ஒரே தொகை இரண்டு முறை போயிருந்தது. முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பி வந்த பதில்தான் வழியில் தொலைந்தது. சிறிய தொகை. பெற்றவர் நல்லவர், திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்று காலை வயிற்றில் இறங்கிய குளிர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடந்ததா நடக்கவில்லையா என்று தெரியாத நிலையில் ஒரு செயலைத் திரும்பச் செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை.

இதற்கு மருந்து ஐடெம்பொடென்ஸி கீ என்ற எளிய ஏற்பாடு. ஒவ்வொரு கட்டளைக்கும் அனுப்புகிறவரே ஒரு தனிச் சீட்டு எண் போட்டு அனுப்ப வேண்டும். அதே சீட்டு எண்ணோடு கோரிக்கை பத்து முறை வந்தாலும் காவல்காரர் ஒரே முறைதான் செய்வார். மற்ற ஒன்பது முறையும் முதலில் சொன்ன பதிலையே சொல்வார். அதே எண்ணில் வேறு தொகையைப் போட்டு அனுப்பினால் மறுத்துவிடுவார். அடகுக்கடைச் சீட்டைப் போலத்தான். ஒரு சீட்டுக்கு ஒரு நகை, மீட்பதும் ஒரே முறை.

இதோடு சேர்ந்தது நான்காவது மரபு: ஏற்றுக்கொண்டேன் என்பது முடித்துவிட்டேன் என்பதாகாது. பணம் அனுப்பும் கோரிக்கைக்குப் பெரும்பாலும் 202 என்ற பதில் வரும். வாங்கிக்கொண்டோம், வேலை இனிமேல்தான் என்று அதற்குப் பொருள். அதன்பின் ஒப்புதலுக்குக் காத்திருப்பு, கையெழுத்து, வலைக்கு அனுப்புதல், பேரேட்டில் ஏறுதல் என்று படிகள் இருக்கின்றன. பேரேட்டில் ஏறிய பிறகும், மேலே இன்னும் சில பக்கங்கள் (தொகுதிகள்) எழுதப்படும்வரை பொறுக்க வேண்டும். பிட்காயினில் ஆறு தொகுதிகள் வரை காத்திருப்பது வெகுநாள் வழக்கம். தோராயமாக ஒரு மணி நேரம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் உண்டு. அந்தச் சொற்களைக் கலந்துவிடாமல் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. 'அனுப்பப்பட்டது' என்று நான் ஓரிடத்தில் அலட்சியமாக எழுதிவிட்டால், அதை நம்பி எங்கோ ஒருவர் சரக்கை வண்டியில் ஏற்றிவிடுவார்.

ஐந்தாவது, முகவரி. நிலப் பத்திரத்தில் சர்வே எண் இருந்தாலும் நான்கு எல்லைகளையும் தனியே எழுதுகிறோம். எண்ணில் பிசகு வந்தாலும் எல்லை காட்டிக்கொடுக்கும். ஈத்தரியம் முகவரியில் 40 எழுத்துகள். அவற்றுள் சிலவற்றைப் பெரிய எழுத்தாகவும் சிலவற்றைச் சிறிய எழுத்தாகவும் எழுதும் முறை 2016-ல் வந்தது. எது பெரிது எது சிறிது என்பதே ஒரு சரிபார்ப்பு. ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் அநேகமாக அங்கேயே பிடிபட்டுவிடும். எக்ஸ்ஆர்பி போன்ற நாணயங்களில் பலருக்குப் பொதுவாக ஒரே முகவரி இருக்கும். யாருக்கு என்பதை ஒரு துணை எண் சொல்லும். தெருப் பெயரை எழுதி வீட்டு எண்ணை விட்டுவிடுவது போல அதை விட்டுவிட்டுத் தவித்தவர்கள் நிறைய. முன்கூட்டியே ஒப்பிய முகவரிகளுக்கு மட்டுமே பணம் போகும் என்று பட்டியல் கட்டிவைப்பதும் இதனால்தான்.

*

இத்தனை மரபுகளும் ஒழுங்காக இருந்த இடத்திலும் ஒரு கதவு திறந்திருந்தது. அதுதான் என்னை இதை எழுதவைத்தது.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ பரிமாற்றகத்தின் வாலட் என்னும் பெட்டகம் ஒன்றிலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிக மதிப்புள்ள டோக்கன்கள் போயின. அந்த வாலட் பூட்டில்லாமல் கிடக்கவில்லை. அதற்கு ஆறு கையெழுத்தாளர்கள். ஐவர் பரிமாற்றகத்தின் ஆட்கள், ஒருவர் லிமினல் என்ற கஸ்டடி நிறுவனத்தின் தரப்பு. பரிமாற்றகத்தின் மூவர் ஒப்பி, அதன்பின் கஸ்டடி தரப்பும் ஒப்பினால்தான் பணம் நகரும். மூவரும் தனி வன்பொருள் சாவிகளை வைத்திருந்தார்கள். போகக்கூடிய முகவரிகளுக்குப் பட்டியலும் இருந்தது. அன்று வேண்டிய கையெழுத்துகள் அத்தனையும் விழுந்தன. திரையில் காட்டப்பட்ட பரிவர்த்தனையும் உண்மையில் கையெழுத்தான பரிவர்த்தனையும் வேறு வேறாக இருந்தன என்று பரிமாற்றகம் சொன்னது. தங்கள் அமைப்பு உடைக்கப்படவில்லை என்று லிமினல் சொன்னது. கையெழுத்தானது பெட்டகத்தின் பூட்டையே மாற்றிவிடும் உத்தரவு. பூட்டு மாறியபின் பழைய கையெழுத்தாளர்கள் யாரும் தேவைப்படவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இதை வடகொரிய ஊடுருவிகளின் வேலை என்றது.

ஏழு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 21-ல், பைபிட் என்ற பரிமாற்றகத்தில் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் பெறுமான ஈத்தர் அதே விதத்தில் போனது. கையெழுத்திட்டவர்கள் பார்த்த இணையப் பக்கத்துக்குள் களவாக நிரல் செருகப்பட்டிருந்தது. வழக்கமான மாற்றல் ஒன்றைத்தான் திரை காட்டியது.

இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்குத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. எழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதில் ரேகை யாருடையது என்பதில் பெரும்பாலும் சிக்கல் இருப்பதில்லை. ரேகை உண்மையானது. சாட்சிகள் உண்மையானவர்கள். தாளில் இருப்பதும் காதில் விழுந்ததும் ஒன்றுதானா என்ற இடத்தில்தான் குடிகள் நிலத்தை இழந்தார்கள். பத்திரங்களின் முடிவில் வாசித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டதாக ஒரு வாசகம் சேர்ப்பது அதற்காகத்தான். கணிதம் படித்த, கணினி தெரிந்த, தனிச் சாவி வைத்திருந்த அந்தக் கையெழுத்தாளர்களும் அன்று எழுத்துத் தெரியாதவர்களின் நிலையில்தான் இருந்தார்கள். வன்பொருள் சாவியின் சிறிய திரையில் வந்தது நெடிய எண்வரிசை. மனிதக் கண்ணால் அதை வாசிக்க முடியாது. வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வாசித்துச் சொன்னது ஒரே ஒரு திரை. மூவரும் அதே திரையைத்தான் பார்த்தார்கள். மூன்று பேர் கேட்டாலும் வாசித்தவர் ஒருவர்தான் என்றால் அது ஒரே வாசிப்புதான்.

நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்லெண்ணம் கொண்ட வாத்தியாரே மேல்புறம் என்று வாசித்துவிடுகிறார். கெட்ட எண்ணம் கொண்டவன் அந்த வழியை அறிந்திருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் 2024-ம் 2025-ம் காட்டின.

*

காவலில் கொடுத்த பொருள் யாருடையது என்ற கேள்வியும் இதைத் தொடர்ந்து வந்தது. அது சென்னைக்கே வந்தது. வாசிர்எக்ஸில் 2024 ஜனவரியில் ரூ.1,98,516 கட்டி 3,532.30 எக்ஸ்ஆர்பி வாங்கியிருந்த ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். திருடுபோனவை வேறு வகை டோக்கன்கள். இவருடையவை அவற்றில் இல்லை. ஆனால் எல்லோருடைய கணக்கும் முடங்கியது. இழப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பகிர்ந்து சுமத்தும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றம் வழியாக வந்தது. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு கிரிப்டோ நாணயத்தைச் சொத்து என்றது. தொட்டுப் பார்க்கும் பொருளோ புழங்கும் நாணயமோ இல்லையென்றாலும் அனுபவிக்கத் தக்க, உடைமையாகக் கொள்ளத் தக்க, இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத் தக்க சொத்து என்று சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தது. நியூசிலாந்தில் 2020-ல் கிரிப்டோபியா வழக்கில் எட்டிய முடிவும் இதே திசையில்தான் இருந்தது.

எனக்கு அந்த உத்தரவில் பிடித்தது நம்பிக்கைப் பொறுப்பு என்ற எண்ணம். வருமான வரிச் சட்டம் 2022-லேயே கிரிப்டோவுக்கு மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று பெயர் வைத்து வரி போட்டுவிட்டது. வரி போடுவதற்குப் பொருள் இருந்தால் போதும். காவலுக்கு இரண்டு மனிதர்கள் வேண்டும். கொடுத்தவர் ஒருவர், வாங்கி வைத்திருப்பவர் ஒருவர். நம் ஊரில் மகளின் கல்யாண நகையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவைத்துவிட்டுத் தீர்த்த யாத்திரை போவார்கள். அந்த அக்கா வாங்கும்போது பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எண்ணி, பிறகே மூடுவாள். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் எங்கள் தெருவில் அப்படி எண்ணாமல் யாரும் வாங்கியதில்லை. எண்ணுவதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதும் இல்லை. நாளை ஒரு பேச்சு வந்து உறவு கெட்டுவிடக் கூடாதே என்ற கரிசனம் அது. ஏபிஐ மரபுகளை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

*

கிளியனூருக்கு ஒரு பழைய பெயர் உண்டு: கிளியன்னவூர். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகம் மூன்றாம் திருமுறையின் கடைசியில், பின்னர் கிடைத்துச் சேர்ந்தவற்றுள் ஒன்றாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாமல் போய், கடந்த நூற்றாண்டில் கோயில் கல்வெட்டிலிருந்து மீண்டது. கரையானுக்கு ஓலை தெரியும், கல் தெரியாது. ஒரே பொருளை இரண்டு வேறு ஊடகங்களில், இரண்டு வேறு கைகள் எழுதி வைத்திருந்ததால்தான் ஒன்று அழிந்தபோது மற்றது பேசியது. இரண்டு ஓலைச்சுவடிகளாக இருந்திருந்தால் இரண்டையும் ஒரே கரையான் தின்றிருக்கலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகள் பலவும் பன்மாஹேஸ்வரர் இரட்சை என்று முடியும். இந்தக் கொடை சிவனடியார் அனைவரின் காவலில் இருக்கிறது என்று பொருள். பண்டாரத்துச் சாவியைச் சிலரிடம் கொடுத்தாலும், காவலை ஊர் முழுதுக்கும் கொடுத்தார்கள். கொடையைச் சுவரில் வெட்டியது வருகிறவர் போகிறவர் எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான். பிட்காயினின் பேரேடும் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் அதில் எழுதப்பட்ட பிறகுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள். அதற்குள் பொருள் போய்விடுகிறது. கையெழுத்து விழுவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களில்தான் நமக்கு வாசகர்கள் வேண்டும்.

போன மாதம் எங்கள் கையேட்டின் அடிப்படை மரபுகள் பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தேன். ஒப்புதலுக்கு வரும் பரிவர்த்தனையின் மூல எண்வரிசையை ஏபிஐ அப்படியே தர வேண்டும். கையெழுத்திடுகிறவர் அதை வேறொரு கணினியில், வேறொருவர் எழுதிய நிரலால் பிரித்து வாசித்து, திரையில் கண்டதோடு ஒப்பிட வேண்டும். இதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வரிதான் கேள்வியை எழுப்பியது: 'இந்தப் பரிவர்த்தனை எதற்காக என்பதை இரண்டாவது நிரலுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.'

குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கூப்பிட்டார். "ஏன் சொல்லக் கூடாது? சொன்னால் அது இன்னும் வேகமாகச் சரிபார்க்குமே" என்றார். அவரிடம் வாத்தியாரைப் பற்றியும், எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளையைப் பற்றியும், மேல்புறம் கீழ்ப்புறத்தைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்றார். போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார்.

"அந்தக் கிணறு இன்னும் இருக்கா?"

இருக்கிறது. ஆயா போய்விட்டாள். மோட்டார் போட்டாயிற்று. இந்த வருஷமும் அந்தத் தண்ணீரில்தான் மல்லாட்டை விளைந்தது.